வினாவுக்கு மேலே இருக்கும் இரண்டு வரி

ஜெர்மனிக்குப் போகவிருக்கும் செவிலியர்களுக்கு மொழி சொல்லிக்கொடுப்பவரா நீங்கள்? அடுத்த மாதிரித் தேர்வைத் திருத்தும்போது தவறுகளை இரண்டாகப் பிரியுங்கள்: மொழி தெரியாமல் வந்தவை, என்ன செய்யச் சொன்னார்கள் என்றே தெரியாமல் வந்தவை. இரண்டாவது வகையைத் திருத்துவது எளிது. ஆனாலும் அதற்கென்று யாரும் வகுப்பு எடுப்பதில்லை.

கோதே பி1 வாசிப்புத் தாளின் மூன்றாம் பகுதியைப் பாருங்கள். ஏழு சூழல்கள், பத்து விளம்பரங்கள். ஒரு விளம்பரத்தை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். ஒரு சூழலுக்குப் பொருத்தமான விளம்பரமே கிடையாது, அங்கே 0 போட வேண்டும். எல்லாம் வினாவுக்கு மேலே உள்ள கட்டளை வரிகளில் அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்காதவர் இல்லாத விளம்பரத்தைத் தேடி நேரத்தைத் தொலைத்துவிட்டு, கடைசியில் ஏதோ ஓர் எழுத்தைப் போட்டுவைப்பார். வாசிப்புத் தாள் முழுவதற்கும் 65 நிமிடம்தான். கேட்டல் தாளிலும் இதே கதை: முதல், நான்காம் பகுதிகள் இரண்டு முறை ஒலிக்கும், நடுவில் உள்ள இரண்டும் ஒரே முறை. இன்னொரு தரம் வரும் என்று காத்திருந்தவர் கதி அவ்வளவுதான்.

காரணம் வகுப்பறைப் பழக்கம். பக்கத்தைத் திருப்பியதுமே ஆசிரியர் "கோடிட்ட இடத்தை நிரப்புங்க" என்று தமிழில் சொல்லிவிடுகிறார். பிறகு அந்த வரியை யார் படிப்பார்கள்? தேர்வு அறையில் சொல்லித்தர ஆள் கிடையாது.

முதல் வேலை, வாயை மூடிக்கொள்வது. ஒரு நிமிடம் கொடுங்கள். கட்டளையையும் மாதிரி விடையையும் மட்டும் படிக்கட்டும். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும். தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. சோதிப்பது புரிதலை, பேச்சை அல்ல.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "புரிஞ்சுது மேடம்" என்று வகுப்பே கோரஸ் பாடும். "எழுத்து போடணுமா, சொல் எழுதணுமா?", "ஒரே விடை ரெண்டு தடவை வரலாமா?", "எத்தனை தடவை கேட்கும்?" என்று கேளுங்கள். தப்பிக்க வழியில்லாத கேள்விகள்.

கட்டளைகளில் திரும்பத் திரும்ப வரும் வினைச்சொற்கள் கொஞ்சம்தான். ஒரு சுவரொட்டியில் அடங்கும். ஆனால் ஜெர்மனில் ஒரு வில்லங்கம் உண்டு. 'ட்சூஓர்ட்னன்' என்றால் பொருத்துவது. கட்டளை வாக்கியத்தில் அது உடைந்து, 'ஓர்ட்னன்' முன்னால் நிற்கும், 'ட்சூ' கடைசிக்குப் போய்விடும். முன்பாதியை மட்டும் அகராதியில் பார்த்தவர், வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்து 1, 2, 3 போடத் தொடங்கிவிடுவார். அதனால் கட்டளையை முற்றுப்புள்ளிவரை படிக்கப் பழக்குங்கள். வினையின் இரு துண்டுகளுக்கும் ஒரே நிறத்தில் வட்டம் போடச் சொல்லுங்கள்.

இதைவிட நல்ல பயிற்சி ஒன்று: பாடப்புத்தகப் பயிற்சி ஒன்றை நகலெடுத்து, கட்டளை வரியை வெட்டிவிட்டுக் கொடுங்கள். அதை அவர்களே எழுதட்டும். பக்கத்து இருக்கைக்காரர் அதைப் படித்துச் சரியாகச் செய்துவிட்டால் தேறியது. தடுமாறினால், எந்தச் சொல் விடுபட்டது என்று இருவருமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

'பொருந்துவதைக் குறியிடவும்' என்ற வரி ஜெர்மனியின் படிவங்களிலும் சர்வசாதாரணம். பி2 வகுப்பில் பாடப்புத்தகத்தோடு நிற்காமல், மருத்துவமனைச் சேர்க்கைப் படிவம் போன்ற வெற்றுப் படிவங்களையும் பயிற்சித் தாளாகக் கொடுங்கள்.