ராத்திரி போன் வந்தால் யார் எடுப்பது?

இந்த வாரம் டீமில் சேர்ந்த நாலு பேரும் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "சார், எந்த ஃபிரேம்வொர்க் கத்துக்கிட்டா நல்லது?" டீ ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதித் தருகிறேன். எண் போட்டிருப்பது, "அஞ்சாவது தப்பு சார்" என்று நீங்கள் சண்டைக்கு வர வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. முதலில் வேலையைக் கேளுங்கள். எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், ஒரு நாளைக்கு எத்தனை பதிவு விழும், நெட் போனால் என்ன ஆகும், எத்தனை வருஷம் ஓட வேண்டும்? இது தெரிவதற்கு முன்பே ஒருவர் டேட்டாபேஸ் பேரைச் சொன்னால், அது அவருடைய ஆசை.

2. இது நான் பட்டது. ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் எழுதினேன். மொத்தம் நாலு கவுன்ட்டர். மைக்ரோசர்வீஸ் என்ற சொல் எங்கு பார்த்தாலும் அடிபட்ட சமயம். சரக்குக்கு ஒன்று, விலைக்கு ஒன்று, வரிக்கு ஒன்று என்று ஆறாகப் பிரித்துவிட்டேன். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு விலை சர்வீஸ் திணறியது. அதன் பதிலுக்காக பில் சர்வீஸ் காத்துக்கொண்டே நின்றது. டைம்அவுட் வைக்க மறந்திருந்தேன். ஆறு லாக்கையும் திறந்து வைத்து நேரத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து கார்பன் வைத்த பில் புத்தகங்களை எடுத்து, கவுன்ட்டருக்கு ஒன்றாகக் கொடுத்தார். வரிசை நகர ஆரம்பித்தது. பொங்கலுக்குள் ஆறையும் ஒரே புரோகிராம், ஒரே டேட்டாபேஸ் என்று சுருக்கினேன். 

பெரிய இடத்திலும் இது நடக்கிறது. அமேசான் பிரைம் வீடியோவில் ஒளி, ஒலித் தரத்தைக் கண்காணிக்கும் அமைப்பு ஒன்று துண்டு துண்டாக இருந்தது. அதை ஒன்றாகச் சேர்த்ததில் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023-ல் அவர்களே எழுதினார்கள். அதற்காகப் பிரிக்கவே கூடாது என்று கிளம்பிவிடாதீர்கள். நூறு பேர் ஒரே கோடில் கைவைக்கும் இடத்தில் பிரித்துத்தான் ஆக வேண்டும். நாம் ஏழு பேர்.

3. சின்னதை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்ட எஸ்கியூலைட்டுக்குத் தனி சர்வர் கிடையாது, டேட்டாபேஸ் முழுக்க ஒரே ஃபைல். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனுக்குள் இப்போதும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். அந்த எல்லை உங்கள் வேலையில் இடிக்குமா என்று மட்டும் பாருங்கள். (ஓடும்போது ஃபைலை அப்படியே காப்பி எடுத்து அதை பேக்கப் என்று நம்பாதீர்கள். அதற்கென்று தனிக் கட்டளை இருக்கிறது.)

4. புதுசு என்றால் ஒரு புராஜெக்டுக்கு ஒன்று போதும். ஆங்குலர்ஜேஎஸ் 2010-ல் வந்தது. 2016-ல் வந்த ஆங்குலர் 2 பெயரில்தான் தம்பி. பழைய கோட் அதில் அப்படியே ஓடாது. பழையதற்கான ஆதரவும் 2021 முடிவோடு நின்றது. ஓடிக்கொண்டிருந்த ஸ்க்ரீனையே திரும்ப எழுதக் காசு கேட்டால் எந்த வாடிக்கையாளர் சிரித்த முகத்தோடு தருவார்?

5. பத்து வரியில் முடிகிற வேலைக்கு லைப்ரரி தேடாதீர்கள். லெஃப்ட்-பேட் என்று ஒன்று. எழுத்துகளுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்பும், மொத்தமே 11 வரி. 2016 மார்ச்சில் எழுதியவர் கோபித்துக்கொண்டு அதை எடுத்துவிட, உலகம் முழுக்க பில்ட் நின்றது. ஆனால் பாஸ்வேர்ட் ஹாஷ், டைம்சோன் கணக்கு இரண்டையும் சத்தியமாக நீங்களே எழுத வேண்டாம்.

6. டெமோவை உங்கள் தரவோடு பாருங்கள். "கோ" கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் அது இரண்டு குறி, யூடிஎஃப்-8-ல் 6 பைட். "கோவிந்தராஜன்" 36 பைட். பெயருக்கு 20 பைட் ஒதுக்கிய கருவி, "ஜான்" என்று இங்கிலீஷில் அடித்துப் பார்க்கும்வரை சமர்த்தாக இருக்கும். கோவிந்தராஜன் வந்ததும் "கோவிந்" என்று வெட்டிவிட்டு, கடைசி எழுத்தையும் சிதைத்து வைக்கும்.

7. முறைக்கும் இதே கதைதான். 2001-ல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை ஒரு பக்கம்கூட வராது. நம் ஸ்டாண்ட்-அப் முக்கால் மணி நேரம், அதுவும் உட்கார்ந்துகொண்டு. அடுத்த வாரத்திலிருந்து நிற்போம்.

8. ஒரு கருவியைக் கொண்டுவருகிறவர், ராத்திரி இரண்டு மணிக்கு அது படுத்தால் எழுப்பிவிடத் தெரிந்த இன்னொருவரையும் தயார் செய்ய வேண்டும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கருவி என்றால் அவர் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போக முடியாது. ஆன்-கால் பட்டியல் பேன்ட்ரி கதவில் ஒட்டியிருக்கிறது. முதல் வாரம் என் பேர். இரண்டாவது வாரத்துக்கு யார் வருகிறீர்கள் என்று நீங்களே பேசி எழுதிவிடுங்கள்.