இந்த மாதப் பாடம்: பறவைக் காய்ச்சல் கிருமிக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்?



"பறவைக் காய்ச்சல் வந்துருச்சாம், கோழிக்கறி எடுக்காதீங்க" என்ற பேச்சு அடிக்கடி கிளம்புகிறது. எந்த ஊரில், எந்தப் பறவைக்கு, என்ன வகைக் கிருமி என்று யாரும் கேட்பதில்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாபூர் பண்ணைகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக இந்த நோய் உறுதியானது. அப்போது தமிழ்நாட்டில் நோய் இல்லை. இருந்தும் நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் விலை சரிந்தது. உள்கடன் வாங்கி நாலு கோழி வளர்ப்பவருக்கு நோயும் நஷ்டம், வதந்தியும் நஷ்டம். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே படிப்போம்.

எச், என் என்றால் என்ன?

இந்தக் கிருமியின் மேல் முள் மாதிரி இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று 'எச்'. இது சாவி மாதிரி. உடலின் செல்லுக்குள் நுழைய உதவுகிறது. இன்னொன்று 'என்'. இது பிசிறு வெட்டுகிற கத்தரி மாதிரி. உள்ளே பெருகிய கிருமிகளை அறுத்து வெளியே விடுகிறது. இரண்டிலும் பல ரகங்கள் உண்டு, ரகத்துக்கு ஓர் எண். எச் 5-ம் ரகம், என் 1-ம் ரகம் சேர்ந்தால் எச்5 என்1. நவாபூரில் வந்தது இதுதான். 2021 ஜனவரியில் கேரளாவின் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளுக்கு வந்தது எச்5 என்8.

'என்' எப்படி மாறியது? இந்தக் கிருமியின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே பறவைக்குள் இரண்டு வகைக் கிருமி நுழைந்தால் துண்டுகள் கலந்து விடும். இரண்டு லாட் துணியைக் கலந்து ஒரே பனியன் தைத்த மாதிரி புதுசாக ஒன்று வந்து விடும்.

பெயருக்குள் ஒரு விலாசம்

நம் குழுவுக்குப் பெயர், ஊர், எண், தொடங்கிய ஆண்டு எல்லாம் பதிவேட்டில் இருக்கிறதல்லவா? கிருமிக்கும் அப்படியே. 'ஏ/பெருவாத்து/குவாங்டாங்/1/1996' என்பது ஒரு கிருமியின் முழுப்பெயர். 'ஏ' என்பது இன்ஃப்ளூயன்சாவின் பிரிவு. அடுத்து எடுத்த பறவை, எடுத்த இடம் (சீனாவில் ஒரு மாகாணம்), மாதிரி எண், ஆண்டு. மனிதரிடம் எடுத்தது என்றால் உயிரினத்தின் பெயரை எழுத மாட்டார்கள். இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் எச்5 நோய்க்கு இந்தப் பெருவாத்துக் கிருமியின் வம்சமே மூலம்.

வம்சம் பிரிந்தால்?

குழுவில் 20 பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரிக்கிறோம். கிருமிக்கும் ஒரு கணக்கு உண்டு. எச் மரபணுவில் சராசரியாக நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல் வித்தியாசம் வந்தால் தனிக் கிளை. உலக சுகாதார நிறுவனமும் கால்நடை, உணவு அமைப்புகளும் சேர்ந்து 2008-ல் இந்த முறையை வெளியிட்டன. முதல் கிளைகளுக்கு 0 முதல் 9 வரை எண். இரண்டாம் கிளை பிரிந்து 2.3, அது பிரிந்து 2.3.4, பிறகு 2.3.4.4, அதிலும் ஒன்று 2.3.4.4பி. பல நாடுகளுக்குப் பரவி, 2024-ல் அமெரிக்காவில் கறவை மாடுகளிடமும் தெரிய வந்தது இந்தக் கிளைதான்.

எண் எதற்கு? முன்பு ஊர்ப் பெயரையே சொன்னார்கள். அதில் குழப்பமும் உண்டு, அந்த ஊருக்குக் கெட்ட பெயரும் உண்டு. நம் கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சலையே பாருங்கள். இங்கே அது 'ராணிக்கெட்', இங்கிலாந்தில் 'நியூகாசில்'. ஒரே நோய், இரண்டு ஊர்ப் பெயர்!

கிளை தெரிந்தால் கிருமி எங்கிருந்து வந்தது, எந்தத் தடுப்பு மருந்து பொருந்தும் என்று கணிக்கலாம். மனிதருக்கு அபூர்வமாகத்தான் வருகிறது. வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். 2021-ல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் எச்5 என்1 தாக்கி டெல்லியில் இறந்து போனான்.

நாம் செய்ய வேண்டியது

- கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால், கொண்டையும் தாடியும் நீலம் பாரித்தால், உடனே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். 1962-க்கும் போன் செய்யலாம்.
- கழிச்சலா, பறவைக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகம்தான் உறுதி செய்கிறது.
- செத்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள். விற்கவோ, சமைக்கவோ, பள்ளத்தில் வீசவோ வேண்டாம்.
- கழிச்சல் தடுப்பூசி தவறாமல் போடுங்கள். ஆனால் அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது.
- கறியும் முட்டையும் நன்றாக வெந்தால் (உள்ளே 70 டிகிரி சூடு) கிருமி செத்து விடும். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் எத்தனை பேர் வீட்டில் கோழி இருக்கிறது? யார் யார் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள்?
2. "பறவைக் காய்ச்சல்" என்று சேதி வந்தால் முதலில் என்ன மூன்று கேள்வி கேட்பீர்கள்?
3. கோழி செத்தால் விஷயத்தை மறைப்பதால் யாருக்கு நஷ்டம்?

பேசி முடிவு செய்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.