சிவப்பு மாத்திரையும் கல்லீரலும்



எங்கள் அப்பத்தாவுக்குக் காசநோய். சளியைப் பரிசோதித்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். 6 மாதம் தினமும் சாப்பிட வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், 3 நாள் மாத்திரை அரிசிப் பானைக்குப் பின்னால் கிடக்கிறது! கேட்டதற்கு, "ஏத்தா, ஒண்ணுக்கு ரத்தமாட்டம் போகுது. என் ஈரலே கரைஞ்சு போகுது. இனி திங்க மாட்டேன்" என்று அழுதுச்சு.

அறிவியல் டீச்சரிடமும் நர்ஸ் அக்காவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சிவப்பு ஏன்?

அந்த மாத்திரையில் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. அதன் நிறமே செங்கல் சிவப்பு. அதனால் சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூட ஆரஞ்சாகும். அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம்தான்.

கல்லீரல் செய்யும் வேலை

1. மருந்தைச் சிறுகுடல் உறிஞ்சுகிறது. அது போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. பிறகு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய்க் கிருமியைக் கொல்கிறது.

2. ரத்தம் திரும்பத் திரும்பக் கல்லீரலுக்கு வரும். கல்லீரல் செல்லின் சவ்வில் உள்ள கடத்துப் புரதங்கள், சுமை தூக்குபவர் மாதிரி மருந்தை உள்ளே இழுக்கும்.

3. உள்ளே நொதிகள் மருந்தின் ஒரு பகுதியை வேறு வடிவமாக மாற்றும்.

4. செல்லின் இன்னொரு பக்கத்தில் உள்ள புரதங்கள் மருந்தைப் பித்தநீருக்குள் தள்ளும். பித்தநீர் அதை முன்சிறுகுடலில் கொண்டுபோய் விடும்.

5. மாறாத மருந்தைக் குடல் மறுபடி உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பும். ஆரப்பாளையத்துக்கும் மாட்டுத்தாவணிக்கும் டவுன் பஸ் போய்ப் போய் வருகிறதே, அது மாதிரி! மாறிய மருந்து அவ்வளவாக உறிஞ்சப்படாது. மலத்தோடு போய்விடும். ஒரு பங்கு சிறுநீரில் போகும்.

எல்லா ஆன்டிபயாட்டிக்கும் இப்படி இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும்.

எதற்குப் பயப்பட வேண்டும்?

காசநோய் மருந்துகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும் என்பதும் உண்மை. கண் மஞ்சளாவது, வாந்தி, சாப்பாடே பிடிக்காமல் போவது இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. சாராயம் தொடவே கூடாது. நாமாக மாத்திரையை நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம்.

நம் ஊர்ப் பெருமை

முன்பெல்லாம் காசநோய் என்றால் மதுரை பக்கம் தோப்பூர் மாதிரி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் தங்க வேண்டும். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் ஆஸ்பத்திரியில் தங்கியவர்கள் அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் வெளியான அந்த முடிவு உலகத்தையே மாற்றியது. அப்போது ரிஃபாம்பிசின் கிடையாது.

அப்பத்தாவிடம், "பீட்ரூட் தின்னா ஒண்ணுக்கு சிவக்குதுல்ல, அது மாதிரிதான் இதுவும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசிச்சு, "அப்ப ஈரல் நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டுச்சு. நர்ஸ் அக்காவிடம் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகு மறுபடி சாப்பிட ஆரம்பித்தது. தினமும் காலண்டரில் நான் ஒரு கோடு போடுகிறேன். இன்றோடு 41 கோடு.

உங்கள் வீட்டில் யாருக்காவது 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். வெட்கப்பட வேண்டாம்.



– 9-ஆம் வகுப்பு மாணவி