உன் பங்கு எதுவோ, அது மட்டும்

கிழக்கு தாம்பரம்

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். டிவியில் ‘சென்னையில் ஒரு நாள்’ ஓடிக்கொண்டிருந்தபோது பாதியில் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயாம். உன் அம்மா சொன்னாள். போனில் கூப்பிட்டால் ‘சரி பெரியப்பா’ என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

அந்தப் படத்தை என்றாவது ஒருநாள் நீ முழுசாகப் பார்க்க வேண்டும். ‘டிராஃபிக்’ என்ற மலையாளப் படத்தைத் தழுவி 2013இல் வந்தது. மூளைச்சாவு அடைந்த இளைஞனின் இதயத்தைச் சென்னையிலிருந்து வேலூருக்குக் காரில் கொண்டுபோகிறார்கள். அந்தக் காரில் இருக்கும் மூன்று பேரைக் கவனி. ஓட்டுகிறவர், லஞ்சம் வாங்கி சஸ்பெண்ட் ஆன போக்குவரத்துக் காவலர். கூட வரும் டாக்டர், மனைவி மேல் இருந்த ஆத்திரத்தில் அவள் மீதே வண்டியை ஏற்றியவர். மூன்றாமவன், இறந்தவனோடு விபத்தில் சிக்கிப் பிழைத்த நண்பன். மூன்று பேருக்கும் மனசு அறுக்கிறது. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. ஒருவர் தெரிந்து செய்தார், ஒருவர் கோபத்தில் செய்தார். நண்பனை வாட்டுவது, தான் மட்டும் மிஞ்சிவிட்டோமே என்பது.

உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த நண்பன் விபத்தில் இறந்ததிலிருந்து, நீ உன்னை அந்த டாக்டரின் இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறாய். அது உன் இடம் இல்லை, தம்பி.

தாம்பரம் – பீச் மின்சார ரயில் ஓட்டித்தான் நான் ரிட்டயர் ஆனேன். குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் தண்டவாளத்தைக் கடக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். சிலர் என் ரயிலுக்கு முன்னால் வந்தார்கள். ஹாரன் அடிப்போம், எமர்ஜென்சி பிரேக் போடுவோம். வேகத்தில் வரும் ரயில் நிற்கச் சில நூறு மீட்டர் வேண்டும். கார்டிடம் சொல்லி, ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்து, அதே ரயிலை மறுபடி கிளப்ப வேண்டும், உள்ளே ஆயிரக்கணக்கில் ஜனம் உட்கார்ந்திருக்கும். அந்த ராத்திரிகளில் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: என் கையில் என்ன இருந்தது, அதை நான் செய்தேனா? செய்தேன் என்றால் மிச்சம் இருப்பது துக்கம். அதைக் குற்றம் என்று பெயர் மாற்றிக் கூப்பிடக் கூடாது.

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் நடந்தது ஞாபகம் இருக்கும். ரேடியல் ரோட்டில் ஸ்கூட்டரில் போன பெண் மீது பேனர் சரிந்தது. அவள் கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அனுமதியில்லாமல் பேனர் வைத்தவர்களுக்கு அந்தச் சாவில் பங்கு உண்டு. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்த அதிகாரிகளையும் உயர் நீதிமன்றம் விடவில்லை. ஒரு சாவுக்குப் பின்னால் பல கைகள் இருக்கும். ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது உன் பங்கைப் பார்ப்போம். சிக்னல் போடாமல் லாரியைத் திருப்பியது நீ இல்லை. வண்டலூர் – கேளம்பாக்கம் ரோட்டில் அந்த இருட்டில் விளக்கு எரியாததும் உன்னால் இல்லை. ஆனால் ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது. ‘பக்கத்துலதானே, ஏறுடா’ என்றாய் உன் நண்பனிடம். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று தெரிந்துதான் சொன்னாய். அது உன்னுடையது. அதை நான் உன்னிடமிருந்து எடுக்கப் போவதில்லை. எடுத்தால் நீ நம்பவும் மாட்டாய்.

இதை ஏன் இவ்வளவு கறாராகப் பிரிக்கிறேன் என்றால், இழப்பீட்டு வழக்கு விசாரணைக்கு வருகிறது. நேரில் பார்த்த சாட்சி நீதான். மனசு பாரத்தில் கூண்டில் ஏறி ‘எல்லாம் என் தப்புதான்’ என்று சொன்னாயானால், லாரிக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனியின் வக்கீல் அதைத்தான் எதிர்பார்த்து நிற்பார். அந்த ஒரு வாக்கியத்தால் நஷ்டப்படப் போவது உன் நண்பனுடைய அப்பா அம்மா. உன் வேதனையைத் தணித்துக்கொள்ள அவர்கள் பணத்தைச் செலவழிக்காதே. ஹெல்மெட்டை மறைக்கவும் செய்யாதே. கேட்டால் சொல். நடந்தது எதுவோ அதைச் சொல், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அவன் வீட்டுக்கு இன்னும் போகவில்லை நீ. போக வேண்டும். போய் மன்னிப்புக் கேட்டு அழாதே. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் உனக்கும் சேர்த்து ஆறுதல் சொல்லும்படி ஆகிவிடும். அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல். கடைசியாக என்ன பேசினான், வலித்ததா, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். அது தெரிந்தவன் உலகத்தில் நீ ஒருவன்தான். திட்டினால் வாங்கிக்கொள். ‘வராதே’ என்றால் திரும்பி வந்துவிடு. ரேஷன் கடையோ, ஆஸ்பத்திரியோ, கோர்ட்டோ, கூப்பிட்டால் ஓடு.

படத்தில் ஒரே பயணத்தில் அந்தக் காவலரின் தலை நிமிர்ந்துவிடுகிறது. சினிமாவுக்குச் சில மணி நேரம்தான் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் நிஜத்தைப் பார். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலியின் 15 வயது மகன் ஹிதேந்திரன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். உறுப்புகளைக் கொடுக்கப் பெற்றோர் சம்மதித்தார்கள். போலீஸ் வழிவிட, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவன் இதயம் 11 நிமிடத்தில் போய், ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பரவ அதுவே பெரிய தூண்டுதல். கொடுத்ததால் அந்தப் பெற்றோருக்குத் துக்கம் தீர்ந்துவிடவில்லை. துக்கத்தோடேயே அடுத்தவர்களிடம் உறுப்பு தானம் பற்றிப் பேசினார்கள். நல்லது செய்தால் பாரம் இறங்கிவிடும் என்று கணக்குப் போடாதே. பாரம் இருக்கும்போதே செய்.

தூக்கம் வரவில்லை, பிரேக் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது என்று உன் அம்மா சொன்னாள். அது கோழைத்தனம் இல்லை, வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். 14416 டெலி-மானஸ் எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். இல்லையென்றால் என்னோடு வா, அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பார்ப்போம். ‘நான் இருந்தென்ன’ என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், எந்நேரமானாலும் சரி, எனக்குப் போன் போடு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் நண்பன் வீட்டுக்குப் போவோம். நான் கூட வருகிறேன், ஆனால் பேச வேண்டியவன் நீ. கோர்ட்டுக்கும் நான் வருவேன். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று மட்டும் எனக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா