நினைவுடைய உஷ்ணமானி

உஷ்ணமானியைக் கையிலெடுத்து நோக்குவோனுக்கு அது அப்பொழுதுள்ள வெப்ப நிலையை மட்டுமே உரைக்கும். சென்ற இரவின் குளிர் எத்துணை என்று வினவினால் மறுமொழி கூறும் ஆற்றல் அதற்கில்லை. கடுங்குளிரோ பெரும்பாலும் வைகறையில், மக்கள் உறங்கும் வேளையில் நேர்வது. அதனை அறிய விரும்புவோன் இரவெல்லாம் விழித்திருத்தல் வேண்டும். அன்றேல், தனக்காக விழித்திருந்து, கண்டதை மறவாது சொல்லும் கருவியொன்றைத் தேடுதல் வேண்டும். அத்தகைய கருவியொன்றின் அமைப்பையும் வரலாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஹைட்ரஜன் வாயுவை ஆராய்ந்து புகழ்பெற்ற ஹென்றி காவெண்டிஷின் தந்தையாராகிய சார்லஸ் காவெண்டிஷ் பிரபு, 1757-ஆம் ஆண்டில் மிக்க வெப்பத்தைக் காட்ட ஒன்றும், மிக்க குளிரைக் காட்ட மற்றொன்றுமாக இரு கருவிகளை வெளியிட்டார். இவ்விரு தொழிலையும் ஒரே குழாயில் அடக்கியவர் இங்கிலாந்தில் காண்டர்பரி நகரத்து ஜேம்ஸ் சிக்ஸ் என்பவர். அவர் தமது கருவியின் விவரத்தை 1782-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார்.

அக்கருவியின் பொது அமைப்பு வருமாறு: ஒரு கண்ணாடிக் குழாய் இரு கால்களுடையதாக வளைக்கப்பட்டுள்ளது. வளைவில் பாதரசம் நிற்கும். இடக்காலின் தலையிலுள்ள பெரிய குமிழ் முழுவதும் மதுசாரம் நிறைந்திருக்கும். வலக்காலிலும் பாதரசத்தின்மேல் மதுசாரம் உண்டு. ஆயின் அதன் உச்சியில் விரிவுக்கு இடமாகச் சிறிது வெளி விடப்பட்டிருக்கும். வெப்பம் மிகும்போது குமிழிலுள்ள மதுசாரம் விரிந்து, பாதரசத்தை இடப்புறம் தாழ்த்தி வலப்புறம் உயர்த்தும். குளிரும்போது மதுசாரம் சுருங்க, பாதரசம் இடப்புறம் ஏறும். இவ்வாறு அசைவதற்கு மதுசாரமே காரணம்; பாதரசம் அதன் ஏவலாள் போன்றது.

ஒவ்வொரு காலிலும் பாதரசத்தின்மேல் இரும்பாலாகிய சிறிய குறிகாட்டி ஒன்று உண்டு. ஏறும் பாதரசம் அதனைத் தள்ளிச் செல்லும். இறங்கும் பாதரசமோ அதனை உடன்கொண்டு செல்லாது. மெல்லிய வில்லொன்று குழாயின் உட்புறத்தைத் தொட்டு அதனை விட்ட இடத்திலேயே நிறுத்தி வைக்கும். ஆதலின் வலப்புறக் குறிகாட்டியின் கீழ்நுனி மிக்க வெப்பத்தையும், இடப்புறத்தது மிக்க குளிரையும் காட்டும். குறித்துக்கொண்டபின், காந்தத்தால் இரண்டையும் இழுத்து மீண்டும் பாதரசத்தைத் தொடும்படி வைத்தல் வேண்டும். இதனைச் செய்ய மறந்தால், நேற்றைய அளவே இன்றைய அளவாக ஏட்டில் ஏறிவிடும்.

சிக்ஸ் தமது கருவியைச் செய்ததோடு நின்றாரல்லர். தம் ஊர்ப் பேராலயத்தின் கோபுரத்து உச்சியில், சுமார் 220 அடி உயரத்தில் ஒன்றும், அதன் பாதி உயரத்தில் ஒன்றும், தரைக்கு அண்மையில் தோட்டத்தில் ஒன்றுமாக வைத்து ஒப்புநோக்கி, அதன் விளைவை 1784-இல் வெளியிட்டார். உயரே செல்லச் செல்லக் குளிர் மிகும் என்பதே பொதுக் கருத்து. அவர் கண்டதோ வேறு. தெளிந்த இரவுகளில் கோபுரத்தினும் தோட்டமே குளிர்ந்திருந்தது. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானோக்கி வீசி விரைவிற் குளிர்ந்து, தன்னையடுத்த காற்றையும் குளிர்விக்கின்றது என்பதே இதன் காரணம்.

இனிக் கடலுக்குச் செல்வோம். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்த ‘சாலஞ்சர்’ என்னும் ஆங்கிலக் கப்பல் கொண்டு சென்ற ஆழ்கடல் உஷ்ணமானிகளும் இவ்வினத்தனவே. ஆழத்தில் நீரின் அழுத்தம் குமிழை நெருக்க, மதுசாரம் வெப்பத்தால் விரிந்ததுபோல் வெளிப்பட்டு, பொய்யான அளவைக் காட்டும். இதனைத் தடுக்கப் பேராசிரியர் மில்லர் குமிழைச் சுற்றி மற்றொரு கண்ணாடி உறையை அமைத்து, இடைவெளியின் பெரும்பகுதியை மதுசாரத்தால் நிரப்பச் செய்தார். அழுத்தத்தை வெளியுறை தாங்கிக்கொண்டது.

எனினும் ஒரு குறை எஞ்சியது. இக்கருவி தான் கடந்த வழியில் மிகக் குளிர்ந்த அளவையே நினைவிற் கொள்ளும். மேலே குளிர்நீரும் கீழே அதனினும் வெப்பமான நீரும் உள்ள தென்கடலில் அது கீழ்நீரின் உண்மையை உரைக்கமாட்டாது. இக்குறை நீங்க, 1874-இல் நெக்ரெட்டி, ஸாம்ப்ரா என்னும் லண்டன் கருவித் தொழிலாளர், குறித்த ஆழத்தில் தலைகீழாகத் திருப்பியவுடன் பாதரச இழை அறுந்து அவ்விடத்து அளவை நிலைநிறுத்தும் புதிய உஷ்ணமானியைச் செய்தனர்.

பழைய ஏடுகளால் பயன் யாது என்று வினவுவோருக்கு ஒரு விடை உண்டு. 2012-ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் சாலஞ்சரின் அளவுகளை, தாமே மிதந்து அளக்கும் ஆர்கோ மிதவைகளின் அளவுகளோடு ஒப்பிட்டனர். கடலின் மேற்பரப்பு சராசரி 0.59 பாகையும், 366 மீட்டர் ஆழத்தில் 0.39 பாகையும், 914 மீட்டரில் 0.12 பாகையும் செண்டிகிரேட் அளவில் வெப்பம் மிகுந்திருப்பதாகக் கண்டனர். அன்றியும், அக்காலத்தில் கயிறு சாய்ந்து, குறித்த ஆழத்தினும் மேலான வெப்பநீரிலேயே கருவி நின்றிருத்தல் கூடும். அவ்வாறாயின் உண்மை வேறுபாடு இதனினும் மிக்கதாகும்.

அரைப் பாகையின் செய்தி இது. கப்பலின் ஆட்டத்தில் நின்று, குறிகாட்டியைக் கூர்ந்து நோக்கி, கண்டதைக் கண்டபடி எழுதியவர்கள், தம் எழுத்து இத்துணைக் காலத்துக்குப்பின் சான்று கூறும் என்று எண்ணியிருப்பாரோ? சோதனைச்சாலையில் அளவு எதிர்பார்த்தபடி வராதபோது அதனைச் சிறிது திருத்தி எழுதும் ஆசை மாணவர் பலருக்கும் எழுவதுண்டு. கருவியின் பிழையைப் பின்வருவோர் கணக்கிட்டு நீக்கலாம். எழுதியவனின் பொய்யை நீக்க வழியில்லை. குறிகாட்டி நின்ற இடத்தையே எழுதுவோமாக.