இல்லத்துள் இம்சையும் நீதிமன்றத் தண்டனையும்



இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது அகிம்சை. அவ்விரதத்திற்கு நேரும் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறும். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவிற்கு மேல் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. மாடு முதலிய விலங்குகளை முன்னிட்டு இவற்றுட் சிலவற்றை விளக்குவது உரைகாரர் வழக்கம். விலங்கிற்கே செய்யலாகாதவற்றை மனையாளுக்குச் செய்வோன், இரவுணவு நீத்த அளவிலே விரதம் காத்தவன் ஆவானோ? இத்தகையோனை நாட்டின் நீதிமன்றம் எவ்வாறு தண்டிக்கின்றது என்பதையும், அத்தண்டனை நமக்குக் கற்பிப்பது யாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

சட்டம் வகுத்த படிகள்

முதற்படி தடுப்பது. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 26-10-2006 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடலைத் துன்புறுத்துவதோடு பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் வருத்துதல், பொருள் மறுத்தல் ஆகியவற்றையும் வன்முறை என்கிறது. குற்றவியல் நடுவர் பாதுகாப்பு ஆணை, குடியிருப்பு ஆணை, பண உதவி ஆணை முதலியவற்றைப் பிறப்பிக்கலாம். பாதுகாப்பு ஆணையை மீறுவது குற்றமாகும். அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படும்.

அடுத்த படி தண்டிப்பது. கணவனோ அவன் உறவினரோ இழைக்கும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்ட இவ்விதி, 1-7-2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவாக உள்ளது. திருமணமாகி ஏழாண்டுக்குள், வரதட்சணைக் கொடுமைக்கு ஆளான பெண் இயற்கைக்கு மாறாக இறப்பின், 80-ஆம் பிரிவின்படி தண்டனை ஏழாண்டுக்குக் குறையாது. ஆயுட்காலம் வரையும் நீளலாம்.

தண்டனையை அளக்கும் முறை

குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதும் நீதிபதி உடனே சிறைக்காலத்தைக் கூறிவிடுவதில்லை. தண்டனையின் அளவு குறித்துக் குற்றவாளி கூறுவதையும் கேட்டல் வேண்டும். கொடுமை எத்துணைக் காலம் நீடித்தது, காயம் எத்தகையது, முன்னரும் குற்றம் செய்தவனா, அவன் வயதும் குடும்ப நிலையும் யாவை என்பன சீர்தூக்கப்படும். குற்றத்தையும் குற்றவாளியையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும் என்பது உச்சநீதிமன்றம் 1980-இல் வலியுறுத்திய நெறி.

ஹரியானாவிலிருந்து வந்த வரதட்சணை மரண வழக்கொன்றில், 1994-இல் உச்சநீதிமன்றம் ஆயுள் தண்டனையைப் பத்தாண்டாகக் குறைத்தது. இத்தகைய வழக்குகளில் ஆயுள் தண்டனை அரிதாகவே விதிக்கத்தக்கது என்றது. சிறு குற்றமாயின், 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, மூன்றாண்டுக்கு மேற்படாத பிணைமுறியின் பேரில், நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடுவிக்கவும் இடமுண்டு. ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இச்சலுகை இல்லை.

தண்டனை வழங்க நாடு முழுமைக்கும் பொதுவான வழிகாட்டு விதிகள் வேண்டும் என 2003-இல் நீதிபதி மாலிமத் குழு பரிந்துரைத்தது. அவ்விதிகள் இல்லாத குறையை 2013-இல் உச்சநீதிமன்றமும் சுட்டியது. அதனால் ஒத்த குற்றங்களுக்கு ஒவ்வாத தண்டனைகள் அமைதலும் உண்டு.

பொறுமை யாருக்கு?

இரு தரப்பாரும் சமரசம் செய்துகொண்டால், 498-ஏ வழக்கை உயர்நீதிமன்றம் ரத்து செய்வதுண்டு. மெய்யான மனமாற்றத்தின் பின் வரும் சமரசம் நன்றே. ஆயின், "குடும்ப மானம் போகும், பொறுத்துக்கொள்" என்று பெண்ணை நெருக்கிப் பெறுகின்ற கையொப்பம் சமரசமாகாது. தசலட்சண பருவத்தின் முதல் நாளில் நாம் போற்றும் உத்தம க்ஷமை, ஆன்மா தானே மேற்கொள்ளும் தருமம். அடிபட்டவள் மீது பிறர் சுமத்தும் கடமையன்று. அவ்வாறு சுமத்துதலும் அளவிற்கு மேல் சுமை ஏற்றுதலே.

பிராயச்சித்தத்தின் முதல் வகை ஆலோசனை; அதாவது, செய்த குற்றத்தைக் குருவின் முன் மறையாது உரைத்தல். ஆகவே நாம் முதலில் அறிவுரை கூறவேண்டியவன், கை ஓங்கியவனே. அவன் தன் குற்றத்தை ஒப்பி, கோபமும் மானமும் ஆகிய கஷாயங்களை அடக்கி, நடத்தையால் மாறிக் காட்டல் வேண்டும். அதன் பின்னரே மன்னிப்பைப் பற்றிய பேச்சு எழலாம். அவனுக்கு நீதிமன்றம் சிறைக்காலத்தைக் குறைக்கலாம். வினையின் கட்டு அதனால் குறையாது.

நீதிமன்றம் சாட்சியத்தைக் கொண்டே தீர்ப்பளிக்கும். அண்டை வீட்டில் அழுகுரல் கேட்டும் வாளாவிருந்தவரை அது தண்டிப்பது அரிது. ஜினதருமமோ செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் வினைக்கு வாயில் என்கிறது. மகன் அடிக்கையில் ஊக்கிய தாயும், அறிந்தே உடன்பட்ட தந்தையும் அவ்வினையில் பங்குடையர்.

ஆதலின், துன்புறும் பெண்ணுக்குத் துணை நிற்பது சிராவகர் கடமை. 181 என்னும் பெண்கள் உதவி எண்ணையும், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரையும் அவளுக்கு அறிவித்தல் வேண்டும். வருமான வரம்பின்றிப் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். அதனை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெறலாம். எறும்பிற்கும் இரங்கி நடக்கும் நம் இல்லங்களில், இல்லாள் அஞ்சி வாழும் நிலை இல்லாதொழிக.

அறம் வளர்க!