சூரிய மின்சாரம்: சரக்கு மலிந்தது, மேல்செலவு குறையவில்லை



மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் மின்கட்டண ரசீதும் கையுமாக நம் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, பால் பாக்கெட்டிலும் ஐஸ்கிரீமிலும் வருகிற லாபம் அத்தனையும் ஐஸ் பெட்டிக்கே போய்விடுகிறது. மாடி சும்மாதான் கிடக்கிறது. சோலார் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். போடுங்கள் என்றும் நாம் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "தனி ஆளாகப் போகாதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். கடையில் கூட்டம் இருந்ததால் காரணத்தை விளக்க அன்று நேரமில்லை. இந்தக் கட்டுரை அவருக்காகவும், அவரைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்ற உறுப்பினர்களுக்காகவும் எழுதுவது.

முதலில் நம் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் நமது கிடங்கின் மாடியில் 5 கிலோவாட் அளவுக்குச் சூரியப் பலகைகள் வைத்தோம். மூன்று இடங்களில் விலை கேட்டோம். ஒருவர் வாட் கணக்கில் சொன்னார். ஒருவர் மொத்தமாக ஒரு தொகை சொன்னார். மூன்றாமவர் சொன்னது எல்லாவற்றிலும் குறைவு; விசாரித்தால் இரும்புச் சட்டமும் எர்த் வேலையும் அதில் சேரவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பருப்பும் புளியும் விலை பேசி வாங்கும் நமக்கே எது மலிவு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். ஆட்கள் வந்து பலகை மாட்டி முடித்தது மூன்றே நாளில். அதற்கு முன்னும் பின்னுமாக விண்ணப்பம், வரைபடம், கையொப்பம், மீட்டர் பரிசோதனை, மீட்டர் மாற்றுதல் என்று நான்கு மாதம் ஓடியது. பலகைகள் வெயிலில் காய்ந்தன. ஒரு யூனிட் கிடைக்கவில்லை. சோதனைச் சாவடியில் நிற்கும் நம் லோடு லாரியைப் பார்ப்பது போல மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கணக்குப்பிள்ளை பில்களைப் பிரித்துப் போட்டுப் பார்த்தபோது, பலகைகளுக்கு மட்டும் ஆன தொகை மொத்தத்தில் பாதிகூட இல்லை.

மீதி எங்கே போயிற்று? நம் தொழிலை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். விருதுநகரில் துவரம்பருப்பு வாங்கினால் மில் விலை ஒன்று. அதன்மேல் தரகு, சாக்கு, லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, போய் வந்த செலவு. பத்து மூட்டைக்கு ஒருவர் தனியாகப் போனால் இந்தச் செலவெல்லாம் பத்து மூட்டையின் தலையில் ஏறும். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு லோடாக எடுத்தால் மில் விலை கொஞ்சம் குறையும். மேல்செலவோ நிறையக் குறையும். சூரிய மின்சாரத்திலும் இதே கதைதான். பலகையின் விலை கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெகுவாக இறங்கிவிட்டது. ஆனால் வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்கிற செலவு, மாடியை வந்து பார்க்கிற செலவு, அனுமதி வாங்க அலைகிற செலவு, கடன் ஏற்பாடு செய்கிற செலவு ஆகியவை அதே வேகத்தில் இறங்கவில்லை. அமெரிக்காவில் இதற்கு 'மென்செலவு' என்று பொருள்படும் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அங்கே இதை ஆராய்ந்தும் பார்த்தார்கள். 2011ஆம் ஆண்டில் வீட்டு மாடியில் பலகை அமைக்க ஜெர்மனியில் ஒரு வாட்டுக்குச் சுமார் 3 டாலர் ஆயிற்று. அமெரிக்காவில் 6 டாலருக்கும் மேல். பலகை இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் கணக்கெடுத்ததில், அனுமதி, இணைப்பு, பரிசோதனை ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு வீட்டுக்கு ஜெர்மனியில் சுமார் 5 மணி நேர வேலை. அமெரிக்காவில் 22 மணி நேரத்துக்கும் மேல். காரணம், அங்கே கட்டட அனுமதி கொடுப்பது ஊர் நிர்வாகம். இப்படிப் பல்லாயிரம் ஊர்கள், ஊருக்கு ஒரு படிவம், ஊருக்கு ஒரு கட்டணம்.

ஆக, செலவை ஏற்றியதில் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பங்கு இருந்தது. இறக்குவதும் அவர்கள் கையில் இருந்தது. அதைச் சில ஊர்கள் எப்படிச் செய்தன என்பதுதான் நாம் படிக்க வேண்டிய பாடம்.

ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் என்று ஒரு நகரம். மழைக்குப் பேர்போன ஊர்; நம்மூர் வெயிலில் பாதிகூட அங்கே இருக்காது என்று நினைக்கிற இடம். 2009இல் அந்நகரின் தென்கிழக்குப் பகுதி மக்கள் ஒரு யோசனை செய்தார்கள். எல்லாருக்கும் மாடியில் பலகை போட ஆசை; யாரிடம் போவது, எது நல்ல சரக்கு, ஏமாந்து போவோமோ என்ற பயத்தில் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பகுதிக் குடியிருப்போர் அமைப்பு ஒன்று முன்வந்து பெயர்களைச் சேர்த்தது. நகராட்சியும் மாநிலத்தின் மின்சிக்கன அறக்கட்டளையும் துணை நின்றன. ஒப்பந்தக்காரரை மக்கள் குழுவே டெண்டர் கேட்டுத் தேர்ந்தெடுத்தது. ஊர்க் கூட்டம் போட்டு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். பெயர் கொடுக்க ஒரு கடைசித் தேதியும் வைத்தார்கள். ஆறு மாதத்தில் 300க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்து, 130 வீடுகளில் வேலை முடிந்தது. இந்த முறைக்கு 'சோலரைஸ்' என்று பெயர் வந்து மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

இதில் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசித் தேதி. ஆடித் தள்ளுபடிக்கு முடிவு நாள் போடாவிட்டால் கடைக்கு யார் வருவார்கள்? ஒப்பந்தக்காரருக்கு வீடு வீடாக அலைந்து ஆள் பிடிக்கும் செலவு மிச்சம். ஒரே தெருவில் தொடர்ந்து வேலை என்பதால் வண்டிச் செலவும் மிச்சம். அந்த மிச்சம் விலையில் குறைந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலம் 2011இல் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போயிற்று. ஹார்வர்ட், ஹாட்ஃபீல்டு, சிட்டுவேட், வின்செஸ்டர் என்ற நான்கு ஊர்களில் தொடங்கினார்கள். எத்தனை பேர் சேர்கிறார்களோ அதற்குத் தக்கபடி விலை படிப்படியாக இறங்கும். முதலில் பெயர் கொடுத்தவருக்கும் கடைசியில் எட்டிய குறைந்த விலைதான். இதனால் முதலில் சேர்ந்தவர் சும்மா இருக்கவில்லை. அண்டை வீட்டுக்காரரைத் தாமே போய் இழுத்து வந்தார். விளம்பரத்துக்குக் காசு கொடுக்காமல் விளம்பரம் ஆயிற்று. நம்மூர்ச் சீட்டுக்காரர்களுக்கு இந்தச் சூட்சுமம் புதிதல்ல.

அனுமதி விஷயத்தில் கலிபோர்னியா சட்டமே போட்டது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு மாடியில் 10 கிலோவாட் வரையிலான அமைப்புக்கு எல்லா நகரங்களும் 2015 செப்டம்பருக்குள் விரைவு அனுமதி முறை கொண்டு வர வேண்டும். என்னென்ன தாள் வேண்டும் என்ற பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டும், பரிசோதனை ஒரே முறைதான் என்பது ஏற்பாடு. 2021 முதல் கணினியே விண்ணப்பத்தைச் சரிபார்த்து உடனுக்குடன் அனுமதி வழங்கும் முறையும் பல ஊர்களில் வந்துவிட்டது. இதில் ஊர் நிர்வாகத்துக்குப் பைசா மானியச் செலவு இல்லை.

எல்லாம் வெற்றி என்று எழுதினால் பொய்யாகும். அதே மாநிலத்தில் பெர்க்லி நகராட்சி 2008 நவம்பரில் ஒரு கடன் திட்டம் தொடங்கியது. பலகைக்கான பணத்தை நகராட்சி ஏற்பாடு செய்யும். வீட்டுக்காரர் அதை 20 ஆண்டுகளில் சொத்து வரியோடு சேர்த்துக் கட்டுவார். வீட்டை விற்றால் வாங்குபவர் மீதியைக் கட்டுவார். கேட்க அருமையாக இருக்கிறது. முதலில் அறிவித்த 40 இடங்களும் சில நிமிடங்களில் நிரம்பின. ஆனால் கடைசியில் இந்தக் கடனில் வேலை முடித்தவர்கள் 13 பேர்தான். வட்டி 7.75 சதவீதம், வேறிடத்தில் மலிவாகக் கடன் கிடைத்தவர்கள் விலகிவிட்டார்கள். அடுத்து, இந்தக் கடன் சொத்து வரியோடு சேர்ந்ததால், வீடு ஏலத்துக்கு வந்தால் அடமானக் கடன் கொடுத்த வங்கிக்கு முன்பாக நகராட்சிக்கே முதல் பாத்தியதை. வீட்டுக்கடன் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு 2010 ஜூலையில் இதை எதிர்த்தது. வீடுகளுக்கான இத்தகைய திட்டங்கள் பல ஊர்களில் நின்று போயின. வணிகக் கட்டடங்களுக்கு, அடமானம் வைத்திருப்பவரின் ஒப்புதலோடு, இம்முறை தொடர்ந்தது. கடன் கொடுப்பவர் யார், அவருக்கு முன்னால் நிற்பவர் யார் என்று பார்க்காமல் கையொப்பம் போடக்கூடாது என்பது நம் தொழிலில் எல்லாரும் அறிந்ததே. ஒரு நகராட்சியும் அதைப் பட்டுத்தான் அறிந்தது.

இன்னொன்று. அமெரிக்க நடுவண் அரசு வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்து வந்த 30 சதவீத வரிச் சலுகை 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. சலுகை போனாலும் பெயர் சேர்க்கும் முறையும் விரைவு அனுமதியும் போகவில்லை.

இனி நம் ஊர். அங்கே அனுமதி நகராட்சியின் கையில்; இங்கே இணைப்பும் மீட்டரும் மின்வாரியத்தின் கையில். ஆகவே கலிபோர்னியாச் சட்டத்தை இங்கே நகராட்சித் தலைவரிடம் கொண்டுபோய் நீட்டிப் பயனில்லை. இந்த விஷயத்தில் நமக்கு உதவுவது 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள். அதன்படி 10 கிலோவாட் வரையிலான மாடி அமைப்புக்குச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். 5 கிலோவாட் வரை லைனை வலுப்படுத்தும் செலவும் மின் விநியோக நிறுவனத்தையே சேர்ந்தது. நாம் போட்ட காலத்தில் இது இல்லை. இன்று யாராவது நடையாக நடக்க வைத்தால் இந்த விதியைச் சொல்லி எழுத்து மூலம் பதில் கேட்கலாம்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்: 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாய். கடை இணைப்புக்கு இல்லை. கடைக்கு மேல் குடியிருக்கும் உறுப்பினர்கள் வீட்டு இணைப்பில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதிலிருந்து ஒயர் இழுத்துக் கடை ஐஸ் பெட்டியை ஓட்டினால் அபராதம் வரும், வேண்டாம். நம்மில் பலர் கவனிக்காத ஒரு வரி இத்திட்டத்தில் உண்டு. எல்லைக்குள் அமைக்கப்படும் ஒவ்வொரு வீட்டு மாடி அமைப்புக்கும் ஊராட்சி, நகராட்சிக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஆயிரம் வீடு என்றால் 10 லட்சம். போர்ட்லண்ட் மக்கள் செய்தது போல வார்டு வாரியாகக் கூட்டம் போட்டுப் பெயர் சேர்க்க நகராட்சிக்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. மின்சார விஷயத்தில் உள்ளாட்சிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியைச் சொல்லலாம். 2006இல் வங்கிக் கடன் சேர்த்து 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையே வாங்கிய ஊராட்சி அது.

கடை இணைப்புக்கு மானியம் இல்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். கடைக்கு யூனிட் விலை வீட்டைவிட அதிகம். ஐஸ் பெட்டி ஓடுவதும் பகலில். வெயில் வரும் நேரத்திலேயே மின்சாரம் செலவாகிவிடுவதால் மிச்சத்தை விற்கும் கவலை குறைவு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும், நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் வரும். பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும் விளம்பரப் பலகையும் நிழல் போடுகிறதா என்று காலையும் மாலையும் ஏறிப் பாருங்கள். கடை இணைப்புக்குக் கணக்கிடும் முறையும் கட்டணமும் வீட்டிலிருந்து மாறுபடும். உங்கள் இணைப்புக்கு எது பொருந்தும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெரிய சிக்கல் வாடகைக் கட்டடம். மாடி நம்முடையதல்ல. 20 ஆண்டு உழைக்கும் பொருளை 11 மாத ஒப்பந்தத்தின் மேல் யார் வைப்பார்கள்? கட்டட உரிமையாளரையும் கூட்டத்துக்கு அழைத்துப் பேசுவதைத் தவிர இதற்கு நமக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த நண்பர் சென்ற வாரம் மறுபடி வந்தார். நோட்டில் அவர் தெருவிலிருந்து பதினொரு பெயர். ஒவ்வொன்றின் எதிரிலும் இணைப்பு எண், இரண்டு மாத யூனிட், மாடி கான்கிரீட்டா தகரமா என்ற விவரம். பதினொன்றில் நான்கு வாடகைக் கட்டடம். இருபது பெயர் சேர்ந்ததும் ஒரே படிவத்தில் மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்பதாக இருக்கிறோம். சட்டம், எர்த், மீட்டர் வேலை எல்லாம் அடங்கலாக.